பம்புசெட்டுப் பச்சை

கோம்பையில் நடந்த கல்யாணக் கச்சேரிக்குப் பிறகு ஏசுதாசன் மாஸ்டர் கிட்டாரைத் தொடவே இல்லை என்று உத்தமபாளையத்தில் பேச்சாக இருந்தது. அதனால், 2006 சித்திரையில் ஒரு காலை, அவர் கிட்டார்ப் பெட்டியை நோயாளிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு தன் ரிப்பேர்க் கடையின் படியேறி வந்ததைப் பார்த்ததும் நவாஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"வாங்க மாஸ்டர். சொல்லிவிட்டிருந்தா நானே அனுமந்தன்பட்டிக்கு வந்திருப்பேன்ல."

"நீ வந்தா வீட்டுல கேப்பாக, நவாஸ் எதுக்கு வந்தாப்ளன்னு. இது அங்கன வச்சுப் பேசுற விசயமில்ல."

அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுபது தாண்டிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமந்தன்பட்டி கிறிஸ்தவக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். மற்ற நாட்களில் கம்பம் முதல் தேனி வரை எந்த ஆர்கெஸ்ட்ரா கூப்பிட்டாலும் போவார். அவர் பேரைவிட அவர் கிட்டார் பிரபலம். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு நிறத்தில் கிட்டார் வேறு யாரிடமும் கிடையாது. கிணற்றடியில் நிற்கும் பம்புசெட்டின் பச்சை அது. தலை, உடம்பு, ஓரம் எல்லாம் ஒரே பச்சை.

அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்த கதைதான். வண்டிப்பெரியாறுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை, எழுபத்து நாலில் ஊருக்குக் கப்பலேறும்போது, கிளப்பில் தன்னோடு சேர்ந்து வாசித்த இளைஞன் ஏசுதாசனிடம் கொடுத்துவிட்டுப் போனது. "அமெரிக்காவுல செஞ்சது, ஃபெண்டர் கம்பெனி. பத்திரமா வச்சுக்க" என்று துரை சொன்னாராம். முப்பத்திரண்டு வருடமாக மாஸ்டர் அதையேதான் எல்லோரிடமும் சொல்லி வந்தார்.

கோம்பையில் அதுதான் சிக்கலாகிப் போனது. தேனியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் மதன்குமார், மேடையில் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது மைக்கில் சொன்னான்: "அடுத்து நம்ம ஏசுதாசன் மாஸ்டர், பம்புசெட்டு கிட்டாரோட. இதை அமெரிக்கான்னு சொல்லுவாக, நம்பிக்கங்க. ஸ்விட்சைப் போட்டா தண்ணியும் கொட்டும்." பந்தலே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். கச்சேரி முடியும்வரை வாசித்தார். வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மூடியவர் பிறகு திறக்கவில்லை.

"நீ சார்ஜாவுல ஆறு வருசம் கிட்டார் ரிப்பேர்க் கடையில இருந்தவன். பழைய சாமானப் பாத்துப் பாத்து அவுக சர்டிபிகேட் குடுக்குறத நீ பாத்திருக்க. இதைப் பிரிச்சுப் பாரு. ஒரிஜினலா டூப்பான்னு சொல்லு."

"சொல்லுறேன் மாஸ்டர். அதுக்கென்ன."

"எங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது. கோயில் திருவிழாவுக்கு மதன் செட்டுதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு பயிற்சிக்கு அவனும் வர்றான். எல்லாரும் இருக்கையில சொல்லு. டூப்புன்னா டூப்புன்னே சொல்லு. அன்னைக்கோட இதை மூடி வச்சுருவேன், வாயையும் சேத்து."

"மாஸ்டர், அவன் விளையாட்டுக்குச் சொன்னதப் போயி..."

"வெளையாட்டுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி படுத்தா ஒரு யோசனை. நான் சொன்னது பூராம் துரை சொன்னது. நானாப் பிரிச்சுப் பாத்தது ஒண்ணுமில்ல. துரையே ஏமாந்திருந்தா? முப்பது வருசமாப் பொய்யச் சொல்லிட்டு, அதே வாயோட கோயில்ல ஒக்காந்து பாடியிருக்கேன்னுல்ல ஆகுது."

நவாஸ் கிட்டாரை எடுத்துப் புரட்டினான். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில், பின்பக்கம், நாலு ஸ்க்ரூ பிடித்த ஒரு சதுரத் தகடு. அந்தக் காலத்துக் கிட்டாராக இருந்தால் அதில் கம்பெனி அடித்த நம்பர் இருக்க வேண்டும். இதில் நம்பர் இல்லை. தகடு எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்கப்பட்டிருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து மட்டும் பஞ்ச் அடித்திருந்தது: ஏ, ஜே.

அவன் தலையைத் தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தான். அங்கே 'ஏ.ஜே. மோட்டார் வைண்டிங்' பலகைக்குக் கீழே, அவன் மாமனார் அப்துல் ஜலீல் ஒரு நீர்மூழ்கி மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு யாரையோ செல்லமாக வைதுகொண்டிருந்தார்.

காயில் கட்டும் கடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி வார்னிஷில் முக்கிக் காயவைத்து மூடியதும், பழைய தகட்டில் பொறித்திருக்கும் வோல்ட்டு, வேகக் கணக்கு இனிச் செல்லாது. அதனால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கடையின் முத்திரையை அடிப்பார்கள். மறுபடி எரிந்தால் முத்திரை யாருடையதோ அவர் பொறுப்பு. கடைசியாக, மூடிய மோட்டாருக்கு மேலோடு ஒரு பூச்சு புதுப் பெயிண்ட். அது மரியாதை. வந்தது அழுக்காக வந்தாலும் போவது புதிதாகப் போக வேண்டும்.

"மாஸ்டர், இது எங்க மாமா..."

"மெதுவாப் பேசு" என்றார் ஏசுதாசன். "எண்பத்தேழுல தேவாரம் ஊருல கச்சேரி. மழையில நனைஞ்சு, தந்தி சத்தத்த வாங்குற மூணு காயில்ல நடுக் காயில் செத்துப் போச்சு. மதுரையில கேட்டா பம்பாய்க்கு அனுப்புன்னாக. பாய்தான், 'இங்கன குடு ஏசு, காயில்னா காயில்தான, கிட்டார்ல இருந்தா என்ன, கெணத்துல இருந்தா என்ன'ன்னு வாங்குனாரு. தலமுடியவிட மெல்லிசுக் கம்பி, பழைய ரேடியோ ஒண்ணப் பிரிச்சு அதுலேருந்து உருவி, மோட்டார் வேலையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டுச் சுத்துனாரு. டீக்குக்கூடக் காசு வாங்கல. வாங்கப் போறேன், பச்சையா நிக்குது. தலையில இருந்த கம்பெனிப் பேரும் இல்ல, முதுகுல நம்பரும் இல்ல. புதுப்பொண்ணு மாதிரி சோடிச்சு வச்சிருந்தாரு. நவாஸ், நீ அந்த மொகத்தப் பாத்திருக்கணும். பெருநா அன்னைக்கு மாதிரி. அதைப் பாத்து நான் என்னத்தச் சொல்ல? நல்லாருக்கு பாய்ன்னேன். சொன்ன சொல்ல மாத்தக் கூடாதுல்ல."

நவாஸ் அந்தத் தகட்டைத் திரும்பப் பார்த்தான். பந்தலில் எல்லோரும் சிரித்தபோது, "நம்பர் இருந்துச்சப்பா, ஜலீல் பாய் தேச்சுட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி இடம் மாறியிருக்கும். அந்த வார்த்தையைத்தான் இந்த மனிதர் பத்தொன்பது வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு. பாய்க்கு மட்டும் இது தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் எழுந்து போனார்.

அன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நவாஸ் மாடி அறையில் துணி விரித்துக் கிட்டாரை வைத்தான். அவன் மனைவி அப்ரின் சோற்றுத் தட்டோடு வந்தவள், தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம பச்சைதான? அப்ப எனக்கு ஏழு வயசு. எங்க அத்தா மொட்டமாடியில வச்சுப் பெயிண்ட் அடிச்சாக. கெழக்க மேக்க நகத்தி நகத்திக் காய வச்சாக. நான் தொட்டுப் பாத்து அடி வாங்குனேன். இந்தா பாருங்க, ஓரத்துல வெரலு ரேகை. என்னோடதுதான்."

"நீயுமா உடந்தை?"

"ஆமா, எங்க குடும்பத்துக்கே கை நீளம். ஏன், என்னாச்சு?"

அவன் சொன்னான். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் ஸ்க்ரூவைத் திருகினான் நவாஸ். வேலை தொடங்கும்போது சொல்வது பழக்கம்தான் என்றாலும், அன்று அவன் அதை மனதோடு சொன்னான். ஒரு நல்ல மனிதரின் சொல் தன் கையில் இருக்கிறது என்று தோன்றியது. டூப் என்று தெரிந்தால் அதையும் சபையில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தந்திகளைத் தளர்த்திவிட்டு, காயில்கள் மூன்றையும் தாங்கி நிற்கும் முன்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். பழைய செல்லுலாய்டுத் தகடு. ஓரங்களில் பச்சைப் பெயிண்ட் இறங்கி ஒட்டியிருந்தது. பிளேடு நுனியால் மெல்லக் கீறிவிட்டுத் தூக்கினான்.

அப்ரின் "அல்லாவே" என்றாள்.

பச்சைக்கு நடுவே ஒரு அந்திவானம் இருந்தது. தகட்டின் வடிவம் எதுவோ அதே வடிவத்தில், நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து. ஜலீல் மோட்டாருக்குச் செய்வதுபோலவே எல்லாவற்றையும் மூடிய பிறகுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார். தகட்டின்மேல் காகிதம் ஒட்டி மேலோடு அடித்ததில், தகட்டுக்கு அடியில் துரை காலத்து நிறம் அப்படியே பிழைத்துக் கிடந்தது.

நவாஸ் டார்ச்சை எடுத்து அந்த நிறத்தின்மேல் தேடினான். அவன் தேடியது ஒரு சின்னத் துளை. அந்தக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையில், பெயிண்ட் அடித்த உடம்பு மேசையில் ஒட்டாமல் இருக்க, முன்பக்கம் குட்டி ஆணிகள் அடித்துக் கால்போல நிறுத்திக் காயவைப்பார்கள். காய்ந்ததும் பிடுங்கிவிடுவார்கள். ஆணி இருந்த இடத்துக்குள் பெயிண்ட் போயிருக்காது, பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். தகடு மூடிக்கொள்வதால் வாங்குகிறவன் கண்ணில் அது படாது. போலி செய்கிறவன் கண்ணில் படுவதைத்தான் போலி செய்வான். யாரும் பார்க்காத ஆணித் துளைக்கு அவன் ஏன் மெனக்கெடப் போகிறான்?

கழுத்துக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. கன்ட்ரோல் குழிக்கு ஓரத்தில் இன்னொன்று. உள்ளே வெறும் மரம்.

தகட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் பொடி எழுத்தில் 304 6128. முதல் மூன்றும் கன்ட்ரோலைச் செய்த கம்பெனியின் குறி. அடுத்தது அறுபத்தொன்றாம் வருடம், இருபத்தெட்டாம் வாரம். அதற்குப் பக்கத்துக் கன்ட்ரோல் அசலில்லை, நம்மூர் ரேடியோவிலிருந்து எடுத்து வைத்தது. வயர்கள் துணி சுற்றிய பழைய வயர்கள். முதல் காயிலிலும் கடைசிக் காயிலிலும் கம்பி தேன் நிறமாக மினுங்கியது. நடுக் காயில் மட்டும் கருஞ்சிவப்பாக, வார்னிஷ் குடித்து இறுகிப்போய், நூல் கட்டோடு இருந்தது. அந்தக் கட்டு நவாஸுக்குத் தெரியும். எதிர்க் கடையில் தினமும் பார்க்கும் கட்டு.

கழுத்தைக் கழற்றினான். உடம்போடு பொருந்தும் அதன் குதிகாலில், மரத்தின்மேல், பென்சிலால் எழுதியிருந்தது: 9-61.

"இது யாரு எழுதுனது?" என்று அப்ரின் கேட்டாள்.

"செஞ்சவன். இன்ன மாசம் முடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்ததுக்குப் போயிருக்கான். அவ்வளவுதான்."

"அப்ப மாஸ்டர் சொன்னது நெசம்."

"நெசம். துரை சொன்னதும் நெசம்."

நவாஸ் கழுத்தைத் துணியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். சார்ஜாவில் இதைப்போல இரண்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருப்பவர்களின் கிட்டார்கள் அவை. அப்படிப்பட்ட ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்து, பஸ் டாப்பில் ஏறி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் உழைத்து, இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு மார்பு நிறைந்தது.

அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மாப்ளே, கடையில காணோம்னு பாத்தா இங்கன..." என்று வந்த ஜலீல், துணியில் கிடந்ததைப் பார்த்ததும் நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணாடியை மேலேற்றி, நடுக் காயிலைத்தான் முதலில் பார்த்தார். "அட, நம்ம பிள்ளை. செத்திருக்கா?"

"இல்ல மாமா, நல்லா இருக்கு. மீட்டர் வச்சுப் பாத்தேன். மத்த ரெண்டுக்கும் எளைச்சதில்ல."

"எளைக்குமா? எத்தனை தடவை அறுந்துச்சு தெரியுமா? மூச்சு விட்டா அறுந்துரும். மூச்சப் புடிச்சுக்கிட்டுச் சுத்துனேன்." அவர் விரல் நுனியால் காயிலைத் தடவினார். "சும்மா வச்சுக் கட்டுனா கொளாயில காத்து போற மாதிரி ஊளையிடும்னாப்ள ஏசு. வார்னிஷ்ல முக்கிட்டேன். அப்புறம் ஒரு சத்தமில்ல. அது சரி, எதுக்குப் பிரிச்ச?"

"மாஸ்டர் சும்மா பாக்கச் சொன்னாக."

"சும்மாவா? அந்தத் தேனிப் பய ஏசுவப் பொய்யின்னு சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்தாம்ல. நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு மாமா?"

"என்ன மாப்ளே இப்பிடிக் கேக்குற? முதுகுல என் முத்திரை இருக்குல்ல. முத்திரை அடிச்ச சாமானுக்கு ஒரு குறைன்னா நான் போயி நிக்கணும்ல."

அவர் இறங்கிப் போனபின் நவாஸ் மனைவியைப் பார்த்தான். "இப்ப என்ன பண்ணுறது? உள்ள இருக்குறத மட்டும் காட்டிட்டு வந்துரலாம்னு நெனச்சேன். நம்பர் எங்கன்னு எவனாவது கேட்டா?"

அப்ரின் ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "கேட்டா பொய் சொல்லாதீக. கேக்காட்டி நீங்களாச் சொல்லாதீக. மத்ததை அல்லா பாத்துக்கிருவான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் பக்கத்து ஹாலில் பாடகர் குழு கூடியிருந்தது. மதன்குமார் ஸ்பீக்கர்களை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனும் கெட்டவனில்லை. சென்னையில் கைக்காசு முழுக்கப் போட்டு வெளிநாட்டுக் கிட்டார் என்று ஒன்று வாங்கி, பேர் ஒட்டிய மட்டமான சரக்கு என்று பிறகு தெரிந்து நொந்தவன். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம்.

ஜலீல் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன்வரிசையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் மாஸ்டர் நவாஸைப் பார்த்த பார்வையில், இதை நிறுத்திவிடலாமா என்ற கேள்வி இருந்தது. நவாஸ் மெல்லத் தலையசைத்தான்.

கிட்டாரை மேசையில் வைத்து முன்பக்கத் தகட்டைத் தூக்கியபோது எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்த நிறத்தைப் பார்த்துப் பாடகி சகாயமேரி, "ஆத்தாடி, உள்ளுக்குள்ள பட்டுச்சேலை கட்டியிருக்கு" என்றாள். நவாஸ் ஆணித் துளையைக் காட்டினான். கன்ட்ரோலின் எண்ணைக் காட்டி வருடத்தையும் வாரத்தையும் பிரித்துச் சொன்னான். எது அசல், எது மாற்றியது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். தந்தி முறுக்கும் கீக்களில் இரண்டு கல்கத்தாவில் செய்தவை, ஒரு கன்ட்ரோல் ரேடியோவில் எடுத்தது, நடுக் காயில் இங்கே கட்டியது. கடைசியில் கழுத்தைக் கழற்றிப் பென்சில் எழுத்தைக் காட்டினான்.

மதன்குமார் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"ஒத்துக்கிர்றேன்ணே. உள்ள பூராம் ஒரிஜினல். ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு பெரிய சாமானுக்கு நம்பர் எங்க? தலையில பேரு எங்க? அது இருந்திருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே. எந்த மகராசன் அதைத் தேச்சான்?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். கேட்டால் பொய் சொல்லக் கூடாது. நவாஸ் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற ஜலீல் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான் தம்பி. உத்தமபாளையம் அப்துல் ஜலீல். காயிலும் நான்தான், பெயிண்டும் நான்தான். பத்தொம்பது வருசமாச்சு, உரிஞ்சிருக்கா பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியைத்தான் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். கிட்டாரின் முதுகுத் தகட்டை எடுத்துத் தேய்ந்த பரப்பில் கட்டைவிரலை ஓட்டினார். எத்தனையோ மோட்டார்களின் தகடுகளைத் தேய்த்த விரல் அது.

"மாப்ளே, இந்த நம்பரு... இது கணக்கு நம்பர் இல்லையா? மோட்டார்ல இருக்குற மாதிரி?"

"இல்ல மாமா" என்றான் நவாஸ், மெதுவாக. "இது பேரு மாதிரி. இதுதான் இன்னாருன்னு காட்டுறது."

ஜலீல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்ப ஏசுவ ஊரு சிரிச்சது என்னால."

"பாய், அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"உனக்கு அன்னைக்கே தெரியும்ல. ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

ஏசுதாசன் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லியிருந்தா நம்பர் திரும்பி வந்துருமா? நீங்கதான் விலகிப் போயிருப்பீக. அப்புறம் நான் யாருகிட்டப் போயி டீ குடிக்க?" பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு தடவ கொச்சியிலேருந்து ஒரு ஏவாரி எஸ்டேட் எஸ்டேட்டா அலைஞ்சு பழைய கிட்டாரெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனான். எங்க வீட்டுக்கும் வந்தான். எனக்கும் அப்பப் பணமுடையான நேரம், கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இதைப் பாத்துட்டு, இதுல எத்தனை ஏக்கர் பாயும்னு கேட்டுட்டுப் போயிட்டான். பேரும் நம்பரும் இருந்திருந்தா இன்னைக்கு இது எந்த ஊருல எந்தக் கண்ணாடிக்குள்ள கெடக்கோ. பாய் அடிச்ச பச்சைதான் இதை எங்கிட்ட நிப்பாட்டுச்சு."

நவாஸ் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆண்டவன் ஒரு மனிதனின் பிழையைக்கூட இன்னொரு மனிதனுக்குக் காவலாக வைக்கிறான் என்றால், அதைக் கண்டுகொள்ள ஏசுதாசனைப்போல ஒரு மனமும் வேண்டியிருக்கிறது.

மதன்குமார் தொண்டையைச் செருமினான். "மாஸ்டர், மைக்குல சொன்னதை மைக்குலதான் திருத்தணும். திருவிழா அன்னைக்கு மொத ஆளா உங்களக் கூப்பிட்டு நானே சொல்லுறேன். நவாஸண்ணே, என்னன்னு சொல்லட்டும்? ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க."

"எழுதல்லாம் வேணாம். உள்ள அமெரிக்கா, மேல உத்தமபாளையம்னு சொல்லுங்க. ரெண்டும் நெசம்" என்றான் நவாஸ். சொல்லும்போது அவன் குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. சார்ஜாவில் எந்த ஷேக்கின் கிட்டாருக்கும் அவன் இவ்வளவு பெருமையாகச் சாட்சி சொன்னதில்லை.

ஜலீல் மட்டும் இன்னும் தகட்டையே பிடித்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, இந்தப் பச்சைய எடுக்க முடியுமா? அடியில இருக்குறது கெடாம?"

"பொறுமையா எடுத்தா முடியும் மாமா. நாளாகும்."

"எடுக்க விடுவேனா?" என்றார் மாஸ்டர். "சேலை உள்ள இருக்குன்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல. போதும். மாட்டு நவாஸ், நேரமாகுது. பிள்ளைக பாடணும்."

நவாஸ் எல்லாவற்றையும் பழையபடி பூட்டினான். தந்தி முறுக்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தபோது மாஸ்டர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இத்தனை நாள் பிரிந்திருந்ததில் கை முதலில் கொஞ்சம் தயங்கியது. தந்தியில் விரலை வைத்தபடி மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனவர் சட்டென்று பின்வாங்கி உதட்டைத் தடவினார்.

"ஷாக் அடிக்குது மதன்."

மதன்குமார் ஆம்ப்ளிஃபயருக்கு ஓடுவதற்குள் ஜலீல் எழுந்துவிட்டார். தொப்பியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஆர்மோனியத்துக்குப் பின்னால் சுவரோரம் இருந்த பிளக் பாயின்ட்டுக்குப் போய்த் தரையில் மண்டியிட்டார். வெள்ளைச் சட்டை அழுக்காகிறதே என்று யாரோ சொன்னது அவர் காதில் விழவில்லை. மெயினை அணைக்கச் சொல்லிக் கத்தினார். எப்போதும் வேட்டி மடிப்பில் இருக்கும் டெஸ்டரை எடுத்து மூடியைத் திருகினார்.

"எர்த்தே இல்லாமல்ல மாட்டியிருக்கு. இத்தனை நாள் இங்கன நின்னு எப்பிடி வாசிச்ச நீ? தம்பி, இப்பிடி வா, டார்ச்சு புடி. மூஞ்சியில அடிக்காத, ஓட்டைக்குள்ள அடி."

மதன்குமார் அவருக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கையால் டார்ச்சையும் மறுகையால் அவர் கேட்ட வயரையும் பிடித்துக்கொண்டான். ஜலீல் வயரின் நுனியைப் பல்லால் சீவி, முறுக்கி, உள்ளே செருகி இறுக்கினார். மெயின் திரும்ப வந்தது. ஸ்பீக்கரில் முன்பு இருந்த இரைச்சல் அடங்கியிருந்தது.

"ஏசு, இப்பத் தொடு."

மாஸ்டர் தந்தியைத் தொட்டு, உதட்டை மைக்கில் வைத்துப் பார்த்தார். சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சை நடுக் காயிலுக்குத் தள்ளி வாசிக்கத் தொடங்கினார். அந்த ஒலி ஹாலை நிறைத்து ஜன்னல் வழியே தென்னந்தோப்புக்குள் இறங்கிப் போனது. சகாயமேரியும் மற்றவர்களும் பாட்டெடுத்தார்கள்.

ஜலீல் எழவில்லை. பிளக்குக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு, வயர் அசைந்துவிடாமல் ஒரு கையால் அணை கொடுத்தபடி, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.